கிணறு வற்றுமுன் விழிப்போம்!

சம்பள உயர்வுக்காகவும், வேலைப் பாதுகாப்புக்காகவும், குடியிருக்கும் வீட்டின் உரிமைக்காகவும் குரல் கொடுப்பதே தொழிற்சங்கப் பத்திரிகையின் முதற் கடமை. அந்தக் கடமையிலிருந்து நாம் ஒருநாளும் பின்வாங்கியதில்லை. இனியும் பின்வாங்கப் போவதில்லை. ஆயினும் இன்று நம் காலுக்கடியில், மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் தண்ணீரைப் பற்றி எழுத முனைகிறோம்.

"மழை கொட்டித் தீர்க்கும் நாட்டில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்? சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. மழையால் வேலை நின்று, பேர் போட்டும் காட்டுக்குப் போக முடியாமல், அந்த மாதச் சம்பளம் குறைந்து தவித்த தொழிலாளிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சு விநோதமாகத்தான் தோன்றும். ஆனால் விஷயத்தைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், இது கூலியோடும், வீட்டோடும், பிள்ளைகளின் ஆரோக்கியத்தோடும் நேராகத் தொடர்புள்ள பிரச்சினை என்பது விளங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஆண்டில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 97 இலட்சம் லிட்டர்! இவ்வளவு தண்ணீரை வானம் இலவசமாகத் தருகிறது. இருந்தும் 1998-ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. 2014-ஆம் ஆண்டில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மறுபடியும் பங்கீடு வந்தது. மக்கள் வாளியும் குடமும் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு வரிசை பிடித்து நின்றார்கள். இத்தனை மழை பெய்யும் நாட்டில் இது எப்படி நேர்ந்தது?

விழும் மழை மூன்று வழியில் போகிறது. ஒரு பங்கு வெயிலாலும் மரஞ்செடிகளாலும் ஆவியாகிறது. ஒரு பங்கு நிலத்தின் மேலே ஓடி அல்லூரில் விழுந்து, ஆற்றுக்கும் கடலுக்கும் போகிறது. மற்றொரு பங்கு மண்ணுக்குள் இறங்குகிறது. இப்படி இறங்கும் தண்ணீர் மணலுக்கும் சரளைக்கும் பாறை வெடிப்புக்கும் இடையே தங்கி நின்று, மெல்ல மெல்ல நகர்ந்து, கிணற்றில் ஊற்றாகவும் பள்ளத்தில் சுனையாகவும் வெளிப்படுகிறது. பல நாள் மழையே இல்லாதபோதும் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் இந்த நிலத்தடி நீர்தான் கசிந்து வந்து ஆற்றை உயிரோடு வைத்திருக்கிறது. ஆகவே, "நாங்கள் குடிப்பது ஆற்றுத் தண்ணீர், கிணற்றைப் பற்றி எங்களுக்கு என்ன கவலை?" என்று எவரும் இருந்துவிட முடியாது. நாட்டின் குடிநீரில் நூற்றுக்கு 97 பங்கு போல ஆறுகளிலிருந்தும் நீர்த்தேக்கங்களிலிருந்தும் எடுக்கப்படுவது உண்மையே. ஆனால் கோடையில் அந்த ஆறுகளுக்குக் கைகொடுப்பது மண்ணுக்குள் இருக்கும் சேமிப்பு.

சேமிப்பு என்ற சொல்லை நாம் தெரிந்தே சொல்கிறோம். சம்பள நாளில் வரும் பணத்தையெல்லாம் அன்றே செலவழித்துவிட்டால் மாதக் கடைசியில் கடைக்காரனிடம் கடன் சொல்லி நிற்க வேண்டியதுதான். மழைநாளில் விழும் தண்ணீரை அன்றே கடலுக்கு அனுப்பிவிடும் நாடும் அப்படித்தான் நிற்கும்.

பால்மரம் சீவும் தோழர்களுக்கு இன்னொரு விஷயத்தையும் நினைவூட்ட விரும்புகிறோம். கோப்பையில் சொட்டும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். இருட்டோடு எழுந்து, விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் நாம் ஏன் நிரைக்குப் போகிறோம்? அந்த நேரத்தில்தான் மரத்தின் உடலில் நீரழுத்தம் நிறைந்திருக்கிறது. கத்தி பட்டதும் பால் ஓடுகிறது. வெயில் ஏற ஏற இலைகள் தண்ணீரை ஆவியாக்கிவிட, அழுத்தம் குறைந்து ஓட்டமும் தளர்கிறது. வறட்சி நீண்டு, வேர் தொடும் மண் காய்ந்துபோனால், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் கோப்பை நிறையாது. கோப்பை நிறையாவிட்டால் நிறுவையில் எடை குறையும். எடை குறைந்தால் கூலி குறையும். மண்ணின் ஈரம் தொழிலாளியின் சம்பளச் சீட்டில் எழுதப்படாத ஒரு வரி என்றால் அது மிகையாகாது.

இனி, நம் கண் முன்னே நடந்து வரும் மாற்றத்தைப் பார்ப்போம். சீபீல்டு தோட்டம் இருந்த இடத்தில் இன்று சுபாங் ஜெயா நிற்கிறது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகரத்துக்குள் மறைந்தது. எபிங்ஹாம் தோட்டத்து மண்ணில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பியவர்கள் 1921-ஆம் ஆண்டில் திறந்த பிராங் புசார் தோட்டம், நல்ல பால்மர இனங்களை உண்டாக்கி உலகப் புகழ் பெற்ற தோட்டம், இன்று நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா. சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைத் தோட்டமாக இருந்த நிலத்திலும் புதிய நகரம் எழுந்து வருகிறது. எஞ்சிய தோட்டங்களிலும் பெரும்பாலானவற்றில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது.

நகரம் வளர்வதை நாம் எதிர்க்கவில்லை. நம் பிள்ளைகளும் அந்த நகரங்களில்தான் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள், வீடு வாங்குகிறார்கள். ஆனால் ஒரு தோட்டம் நகரமாகும்போது மரங்களோடும் லயங்களோடும் இன்னொன்றும் அழிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மழை உள்ளே இறங்கிய மண்ணின் வாய் தாரினாலும் சிமெண்டினாலும் அடைக்கப்படுகிறது. மரமும் கொடியும் சருகும் மூடிய நிலத்தில் மழை நிதானித்து இறங்கும். கூரையிலும் சடக்கிலும் விழும் மழை ஏறத்தாழ முழுவதும் உடனே ஓடிவிடும். ஒரு சாயங்கால மழை 25 மில்லிமீட்டர் பெய்தால் ஓர் ஏக்கரில் விழுவது ஒரு இலட்சம் லிட்டர். அது அத்தனையும் அரைமணி நேரத்தில் அல்லூருக்குள் பாய்ந்தால் அல்லூர் என்ன செய்யும்? வழிந்து வீட்டுக்குள் வரும். கோலாலம்பூரில் வெள்ளத்தைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளத்தில் சுரங்கம் தோண்டி 2007-ஆம் ஆண்டில் திறந்தார்கள். மறுபுறம், தண்ணீர் போதவில்லை என்று பகாங்கிலிருந்து மலையைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் போட்டு ஆற்று நீரைச் சிலாங்கூருக்குக் கொண்டு வந்தார்கள். வெள்ளத்தைத் துரத்த ஒரு சுரங்கம். தண்ணீரை அழைத்து வர ஒரு சுரங்கம். இரண்டும் தேவையான வேலைகளாக இருக்கலாம். அவற்றைக் குறை கூற நாம் வரவில்லை. ஆனால் வாசலில் விழுந்த தண்ணீரை விரட்டிவிட்டு, வெகு தூரத்திலிருந்து தண்ணீர் வாங்குவதற்கு ஒரு எல்லை உண்டா இல்லையா என்று கேட்கிறோம். பகாங் மக்களும் வளர்கிறார்கள். அவர்களுக்கும் ஒருநாள் அந்தத் தண்ணீர் வேண்டியிருக்கும்.

ஆற்றை மட்டும் நம்பியிருப்பதில் வேறு ஆபத்தும் உண்டு. 2020-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ரவாங் பக்கம் ஓடும் ஒரு சிற்றாற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 இலட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. ஒரு சிற்றாற்றில் ஊற்றிய கழிவு பல இலட்சம் குடும்பங்களின் அடுப்பை அணைத்தது!

அப்படித் தண்ணீர் நிற்கும்போது முதலில் வாடுவது யார்? பங்களாக்காரர் வீட்டில் பெரிய தொட்டி இருக்கும். பணமுள்ளவர் புட்டித் தண்ணீர் வாங்கிக் கொள்வார். மலிவு விலை அடுக்குமாடியின் மேல்தட்டில் இருப்பவர் வாளி சுமந்து படியேற வேண்டும். குழாயின் கடைக்கோடியில் இருக்கும் தோட்டத்துக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் திரும்பி வரும். வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்கள்தான் அந்தத் தண்ணீருக்காக இரவில் விழித்திருப்பார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்கு முதலாளி இலவசமாகவும் போதுமான அளவிலும் குழாய் நீர் தரவேண்டும் என்று 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம் கூறுகிறது. அந்த உரிமை நம் கையில் இருக்கிறது. ஆனால் நீரே இல்லாத நாளில் உரிமைச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு தாகம் தீருமா?

நிலத்தடி நீர் என்ன செய்யும் என்பதற்குக் கிளந்தான் மாநிலமே சாட்சி. அங்கே பொதுக் குடிநீரில் ஐந்தில் இரண்டு பங்கு போல நிலத்துக்கு அடியிலிருந்துதான் வருகிறது. கோத்தா பாரு சுற்றுவட்டாரத்தில் ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து போட்ட மணலும் சரளையும் பெரிய நீர்க்கிடங்காக அமைந்திருக்கின்றன. ஆனால் அங்கேயும் கவலையில்லாமல் இல்லை. அந்த நீரில் இரும்புச் சத்து அதிகம். சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் துணியும் பாத்திரமும் பழுப்பேறும். கடற்கரைக்கு அருகே அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே புகும். கழிவுத் தொட்டிகள் கிணற்றுக்கு நெருக்கமாக இருந்தால் நோய்க்கிருமி இறங்கும். ஆகவே நிலத்தடி நீர் வற்றாத அட்சய பாத்திரம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. போட்டால்தான் எடுக்கலாம், எடுப்பதற்கும் கணக்கு வேண்டும்.

கணக்கில்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை அண்டை நாட்டுத் தலைநகரமான பாங்காக் காட்டியிருக்கிறது. களிமண்ணுக்குக் கீழே இருந்த மணற்படுகையிலிருந்து தொழிற்சாலைகளும் வீட்டுத் திட்டங்களும் ஆழ்குழாய் போட்டு இறைத்தன. தண்ணீர் போன இடத்தில் களிமண் அமுங்கியது. நகரமே கீழே இறங்கியது. 1980-களின் தொடக்கத்தில் சில பகுதிகள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் தாழ்ந்தன. 1977-ஆம் ஆண்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்து, பின்னர் இறைக்கும் நீருக்குக் கட்டணம் விதித்து, கட்டுப்படுத்திய பிறகே அந்த வேகம் தணிந்தது. தாழ்ந்த நிலம் மேலே வரவில்லை. நம் லங்காட் ஆற்றுச் சமவெளியிலும் களிமண்ணுக்கு அடியில் மணலும் சரளையும் கொண்ட நீர்ப்படுகை இருக்கிறது. அதை ஜப்பானிய உதவியோடு நம் கனிவள, புவியியல் இலாகா ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது. பந்திங், டிங்கில், சிப்பாங் வட்டாரங்களில் நகரமும் ஆலையும் பெருகி வரும் இந்நாளில், அந்த எச்சரிக்கை அலமாரியில் தூங்கக் கூடாது.

சரி, மண்ணுக்குள் தண்ணீரைத் திரும்பப் போடுவது எப்படி? இதற்கு வெளிநாட்டு நிபுணரைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் பாட்டன்மார் மண்வெட்டியால் செய்த வேலையே இது.

இந்த நாட்டில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய காலத்தில் துரைமார்கள் ஒரு புல்லும் இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நினைத்தார்கள். புல் வெட்டியே நம்மவர் முதுகு ஒடிந்தது. பலன் என்ன? மலைச்சரிவில் பெய்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு போய் ஆற்றில் கொட்டியது. மரம் இளைத்தது, ஆறு மேடிட்டது. அதன் பிறகுதான் அறிவு வந்தது. சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்துப் படிக்கட்டு வெட்டினார்கள். நிரைகளுக்கு நடுவே வண்டல் குழிகள் தோண்டச் செய்தார்கள். மண்ணை மூடப் பயற்றினக் கொடிகளைப் படரவிட்டார்கள். ஓடி வந்த தண்ணீர் குழியில் தங்கியது. மண் அடியில் படிந்தது. தண்ணீர் கீழே இறங்கியது. இந்தக் குழிகளையெல்லாம் வெட்டிய கைகள் யாருடையவை? கணக்குப் புத்தகத்தில் தலைக்கூலியாக மட்டும் எழுதப்பட்ட நம் முன்னோர்களின் கைகள்! ஒரு கணக்குச் சொல்கிறோம்: எட்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமுள்ள ஒரு குழி சுமார் 900 லிட்டர் கொள்ளும். ஏக்கருக்கு இருபது குழி இருந்தால், ஒருமுறை நிறைந்தாலே 18,000 லிட்டர் நிற்கும். மழைக்கு மழை அவை நிறைந்து வடியும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. "தண்ணீரைத் தேக்கினால் கொசு வராதா?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நாட்டின் தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சலுக்கு ஆயிரக்கணக்கான நம்மவரைப் பலிகொடுத்தோம். 1901-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைத்த வரலாறு மறக்கத்தக்கதல்ல. இன்று டிங்கிக் காய்ச்சல் நம் பிள்ளைகளை வாட்டுகிறது. ஆனால் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறப்பதற்கு ஒரு வாரம் போல ஆகும். மண்ணுக்குள் இறக்கும் குழி ஓரிரு நாளில் வடிந்துவிட வேண்டும். வடியாத குழி சரியாக வெட்டாத குழி. அதில் கல்லும் சரளையும் மணலும் நிரப்பினால் திறந்த தண்ணீரே இருக்காது. தொட்டி வைத்தால் இறுக மூடி, வலை கட்ட வேண்டும். தண்ணீர் மண்ணில் இறங்குவதற்கும், டயரிலும் தகரத்திலும் தேங்கிக் கிடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் தாய்மார்கள் நன்கறிவார்கள்.

எல்லா இடத்துக்கும் ஒரே வைத்தியம் செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கடற்கரையோரக் களிமண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது. அங்கே குளமும் தொட்டியுமே பொருத்தம். வீடுகளுக்கு மேலே நிற்கும் செங்குத்தான சரிவில் தண்ணீரை இறக்குவது ஆபத்து. 1993-ஆம் ஆண்டு டிசம்பரில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் சாய்ந்து 48 பேர் மாண்டதில், சரிவு மண்ணுக்குள் புகுந்த தண்ணீரின் பங்கும் உண்டு. இறங்கும் தண்ணீர் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கூரைத் தண்ணீரை இறக்கலாம். பட்டறை எண்ணெயும், மருந்து ஸ்டோர் கழுவிய தண்ணீரும், ரப்பர் ஆலைக் கழிவும் ஒருபோதும் குழிக்குள் போகக்கூடாது. கழிவுத் தொட்டிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பது அடியாவது இருப்பது நல்லது. ஆற்றில் கலந்த நஞ்சு சில நாளில் ஓடிவிடும். நிலத்தடி நீரில் கலந்த நஞ்சு தலைமுறைக் கணக்கில் தங்கிவிடும்.

சட்டமே இல்லை என்று அதிகாரிகள் சொல்ல முடியாது. 1998 வறட்சிக்குப் பிறகு, 1999-ஆம் ஆண்டில் வீடமைப்பு, ஊராட்சித்துறை அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. அதே 1999-ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலம் நீர் நிர்வாக வாரியத்தை அமைக்கச் சட்டம் செய்தது. 2001-ஆம் ஆண்டு முதல், புதிய வீடமைப்புத் திட்டங்கள் மழைநீரை விழுந்த இடத்திலேயே தாமதிக்கவும், இறக்கவும் வேண்டும் என்று கூறும் வடிகால் கையேட்டை நீர்ப்பாசன, வடிகால் இலாகா நடைமுறைப்படுத்தியது. 2012-ஆம் ஆண்டில் அதைத் திருத்தியும் வெளியிட்டது. ஏட்டில் குறைவில்லை, நாட்டில்தான் குறை. குளத்துக்கென்று ஒதுக்கிய மூலை குப்பைமேடாகிறது. புல்தரைக்கென்று விட்ட இடம் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையாகிறது. கேட்பாரில்லை.

செய்ய முடியுமா என்ற ஐயம் வேண்டாம். புத்ராஜெயாவில் சுமார் 400 ஹெக்டேரில் ஏரி வெட்டி, அதற்கு வரும் நீரை வடிகட்ட நாணலும் நீர்ச்செடியும் நிறைந்த சதுப்பு நிலத்தையும் உண்டாக்கினார்கள். தோட்டம் நகரமாகும்போதும் தண்ணீருக்கு இடம் வைக்க முடியும் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அந்த நிலத்தில் பாலெடுத்து வாழ்ந்த குடும்பங்களோ டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பப்பட்டு, விரிசல் கண்ட சுவர்களுக்கிடையே தரைவீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தலைநகரத்துக்கு ஏரி வெட்டத் தெரிந்த கைகளுக்கு, தொழிலாளர் குடியிருப்பில் ஒரு குளமும் ஒரு திடலும் விட்டுவைக்கத் தெரியாதா? மேம்பாட்டாளர்கள் செலவு என்பார்கள். வெள்ளம் வந்தபின் கட்டிலும் மெத்தையும் குளிர்பெட்டியும் தூக்கி எறியும் குடும்பத்தின் செலவை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கிறோம்.

மாநில அரசாங்கங்களுக்கு: நிலம் மாநில அதிகாரத்தில் உள்ளது. தோட்ட நிலத்தை வீட்டு நிலமாக மாற்ற அனுமதி கொடுக்கும்போது, அந்த நிலத்தில் இருக்கும் பள்ளத்தாக்குச் சுனைகள், குளங்கள், ஓடைக்கரைகள் ஆகியவற்றை அளந்து காட்டும்படி கட்டாயப்படுத்துங்கள். அவற்றை நிரப்ப அனுமதிக்காதீர்கள். ஆழ்குழாய்க் கிணறு போடுவோர் எவரானாலும் அளவுமானி வைத்து, எடுத்த கணக்கைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் செய்யுங்கள். நாட்டில் சுத்திகரித்த தண்ணீரில் நூற்றுக்கு 35 பங்குக்கு மேல் பழைய குழாய் ஒழுக்கிலும் திருட்டிலும் கணக்குப் பிசகிலும் வருமானமில்லாமல் போகிறது. அதை அடைப்பது புதிய அணை கட்டுவதற்கு ஒப்பாகும்.

தோட்ட நிர்வாகங்களுக்கு: மறுநடவு செய்யும்போது பழைய வண்டல் குழிகளைத் தூர்த்துவிடாதீர்கள், தூர்ந்தவற்றை மறுபடி வெட்டுங்கள். அது கூலியுள்ள வேலையாக இருக்கட்டும். வேலை முடிந்த பின் இலவசமாக வாங்கும் உழைப்பாக இருக்கக்கூடாது. குழாய் வந்துவிட்டது என்பதற்காக லயத்துக் கிணறுகளைக் குப்பைக்குழி ஆக்காதீர்கள். மேடை கட்டி, மூடி போட்டு, நீரைச் சோதித்து வையுங்கள்.

நம் கிளைச் சங்கங்களுக்கு: உங்கள் வட்டாரத் திட்ட வரைபடம் பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது பார்க்கத் தவறாதீர்கள். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி அதற்கு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு. "எங்கள் தோட்டத்துப் பள்ளத்தை நிரப்பினால் கீழே உள்ள வீடுகளில் தண்ணீர் ஏறும்" என்று எழுதுவதற்கு இஞ்சினீயர் பட்டம் வேண்டியதில்லை. அந்தப் பள்ளத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தவனுக்குத் தெரியாதது எந்த வரைபடத்திலும் இல்லை.

கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். ஆபீஸ் வாசலில் மழைமானி வைத்துத் தினம் அளந்து புத்தகத்தில் எழுதுவது தோட்டத்துப் பழைய வழக்கம். பல தோட்டங்களில் பல்லாண்டு மழைக் கணக்கு அலமாரியில் உறங்குகிறது. தோட்டம் விற்கப்படும் நாளில் அந்தப் புத்தகங்கள் பழைய காகிதக்காரனிடம் போய்விடக் கூடாது. பிரதி எடுத்துச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இன்னொன்றும் செய்யலாம். வாரத்துக்கு ஒருநாள், முடிச்சுப் போட்ட கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, தரையிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று மழைக் கணக்குக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு எழுதினால் கிணறு ஏறுகிறதா இறங்குகிறதா என்பது வெட்டவெளிச்சமாகும். கணக்கு இருந்தால்தான் பேச்சுவார்த்தை மேசையில் வாதம் நிற்கும். கணக்கின் வலிமையைக் கிராணிமார்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

சொந்த வீடு வாங்கிப் போன தோழர்களுக்கு: 80 சதுர மீட்டர் கூரையில் ஆண்டில் விழும் மழை 1,92,000 லிட்டர். ஐந்து பேர் கொண்ட குடும்பம், தலைக்கு 200 லிட்டர் வீதம் செலவழித்தால், இது 192 நாள் தேவைக்குச் சமம். அத்தனையும் பிடிக்க முடியாது, பிடிக்கவும் வேண்டாம். ஒரு பீப்பாயில் பிடித்துத் துணி துவைக்கவும், செடிக்கு ஊற்றவும், கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். வழிவதைச் சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு சரளைக் குழிக்குள் விடுங்கள். முன்வாசல் முழுவதும் சிமெண்டு பூசுவதை அந்தஸ்து என்று எண்ணாதீர்கள். ஒரு முருங்கைக்கும் ஒரு கறிவேப்பிலைக்கும் இடம் விட்டால், அந்த இடத்தில் மழையும் இறங்கும்.

இன்று தோட்டங்களில் நம்மவரோடு இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். கம்பத்து மலாய்க்காரரும், புதுக்கிராமத்துச் சீனரும், காட்டோரத்து ஓராங் அஸ்லியும் அதே மண்ணிலிருந்துதான் நீர் குடிக்கிறார்கள். மண்ணுக்குள் தண்ணீர் நகரும்போது தோட்ட எல்லைக் கல்லைப் பார்ப்பதில்லை. இனத்தையும் மதத்தையும் கேட்பதில்லை. ஒருவன் அதிகமாக இறைத்தால் அடுத்தவன் கிணறு வற்றும். ஒருவன் நஞ்சைக் கொட்டினால் அடுத்தவன் பிள்ளை நோயில் விழும். ஆகவே இதில் தனித்தனியே நின்று காரியம் சாதிக்க முடியாது. சேர்ந்து நின்று கேட்பதும், சேர்ந்து நின்று காப்பதும் தொழிற்சங்கத்துக்குக் கைவந்த கலை.

தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவது அறிவுடைமை அல்ல. கிணற்றில் ஊற்று இருக்கும்போதே, மழை பெய்யும்போதே, குளத்தை நிரப்பும் லாரி வாசலுக்கு வருமுன்னரே, நம் கோரிக்கை நிர்வாகத்தின் மேசையிலும் நகராண்மைக் கழகத்தின் மேசையிலும் இருக்க வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விஷயமாகச் சேர்த்து விவாதித்து, உங்கள் தோட்டத்தில் எத்தனை கிணறு, எத்தனை குளம், எத்தனை சுனை இருக்கின்றன என்ற பட்டியலோடு தீர்மானம் நிறைவேற்றி அனுப்புமாறு எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.